முடியாது என்று சொல்லத் தெரிந்த வேட்பாளர்

போன மாதம் உங்கள் பயிற்சி முகாமில் பேசக் கூப்பிட்டீர்கள். கொடுத்த நேரத்தில் பாதி எனக்குப் பொன்னாடை போர்த்துவதிலேயே போய்விட்டது. மீதியில் ஒரு தம்பி எழுந்து, “ஒரு வேட்பாளர் தேறுவாரா மாட்டாரான்னு எதை வெச்சுங்க சார் முடிவு பண்றது?” என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பிரியாணிக்கு முன்னால் என் பேச்சு எடுபடாது என்பது எனக்கே தெரியும். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். போத்தனூரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

என் வேலை என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேடையில் ஏறியதில்லை, சுவரொட்டியில் என் படம் வந்ததில்லை. கட்சிக்கு வேட்பாளர் பார்த்துக் கொடுப்பேன். மாவட்டச் செயலாளர் ஒரு ஊரின் பேரைச் சொல்வார், நான் பஸ் ஏறிப் போய், இன்னாரை நிறுத்தினால் தேறும், இன்னாரை நிறுத்தினால் தேறாது என்று பார்த்துவிட்டு வந்து சொல்வேன். சட்டமன்றத்துக்கும் பார்த்திருக்கிறேன், பேரூராட்சிக்கும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு பிரசிடெண்ட் தேர்தல். பிரசிடெண்ட் என்றதும் டெல்லியை நினைக்காதீர்கள். நம் பக்கம் பிரசிடெண்ட் என்றால் ஊராட்சித் தலைவர்தான். தெருவிளக்கு எரியவில்லையென்றால் டெல்லிக்காரரையா கூப்பிடுகிறோம்?

உங்கள் கையில் டேப்லெட் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு, கலர் கலராகப் படம் போட்டுக் காட்டுகிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்து ஜனங்களின் வாயிலிருந்து ‘உங்களுக்கு ஓட்டு இல்லை’ என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? “வாங்க, உக்காருங்க, காப்பி குடிங்க, உங்குளுக்கு இல்லாமயாங்க, போட்றலாமுங்க” என்பார்கள். அடுத்து எதிர்க்கட்சிக்காரன் வந்தாலும் அதே நாற்காலி, அதே காப்பி, அதே “போட்றலாமுங்க.” உங்கள் படங்களை நம்பினால் நின்றவர்கள் எல்லோரும் ஜெயித்திருக்க வேண்டும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதற்குக் கூச்சப்படுகிற ஊர் இது. அதில் வழுக்கி விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒருத்தரை நிறுத்தினோம். தங்கமான மனிதர். கல்யாணம், எழவு, காதுகுத்து எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். யார் எதைக் கேட்டாலும் “ஆகட்டுங்க, செஞ்சு போடலாமுங்க” என்பார். வாய்க்காலுக்கு மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் பாலம் கேட்டார்கள். ஆகட்டுங்க. கீழே இருக்கிற ஊர்க்காரர்களும் கேட்டார்கள். ஆகட்டுங்க. வரப்போவதோ ஒரே பாலம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. இலைக்குப் பாயசம் வருவதற்குள் நம் ஆள் தோற்றுப்போனார். முடிவு வந்த பிறகு இரண்டு ஊரும் அவர் வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னது. ஓட்டை மட்டும் வேறு இடத்தில் போட்டிருந்தார்கள். இவர் தேறுவார் என்று சொன்னது நான்தான். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு கோபி வரும்.

அதற்கடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில்தான் தாராபுரத்துக்கு அப்பால் ஒரு ஊராட்சிக்கு என்னை அனுப்பினார்கள். தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு. எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம் என்றுதான் அரசாணை. ஆனால் ‘எந்தச் சாதியும்’ என்றால் எந்தச் சாதி என்று ஊருக்குத் தெரியும். தோட்டங்காடு வைத்திருக்கிற இரண்டு பெரிய குடும்பங்களில் ஆளுக்கொரு மருமகள் தயாராக இருந்தார்கள். இரண்டு குடும்பமும் நம் கட்சி. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஏணி, கட்டில், பூட்டுச்சாவி என்று ஏதாவது கொடுப்பார்கள். இருந்தாலும் எந்தக் கட்டில் எந்தக் கட்சி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இரண்டில் எது தேறும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை. ஒன்றியச் செயலாளர் காரில் கூட்டிப் போனார். நம் கட்சியில் அவரை ‘ஒன்றியம்’ என்றும், மாவட்டச் செயலாளரை ‘மாவட்டம்’ என்றும்தானே கூப்பிடுகிறோம்? நானும் அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் வீடு நாச்சிமுத்து என்ற பெரியவருடையது. ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தது. வேட்பாளர் இவர்தான் என்றார்கள். “ஏனுங்க அம்மணி, ரெண்டு வீதிக்காரங்களும் ஒரே நேரத்துல தண்ணி கேட்டு வந்து நின்னா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன். மகன், அதாவது புருஷன்காரர், “அதெல்லாம் நான் பாத்துக்குவனுங்க” என்றார். அந்தப் பெண் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. இரண்டாவது வீட்டிலும் அதே கேள்வி. அங்கே மாமனார் பதில் சொன்னார். காப்பி மட்டும் முதல் வீட்டைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் ஊர் திரும்ப பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி வண்டி வந்து நின்றது. அந்த ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்து வீதிப் பெண்களும் உண்டு, காலனிப் பெண்களும் உண்டு. கிணறு வற்றிய பிறகு எல்லா வீதிக்கும் ஒரே வண்டிதான். வண்டியின் வாசலில் ஒரு பெண் நின்று ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் என்று பிறகு தெரிந்தது. காலனிக்காரர். பெயர் அம்சவேணி.

தோட்டத்து வீதியிலிருந்து ஒரு அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடி வந்தார். ஏறியதும், “ஏன் அம்சவேணி, மழை நாள்ல வண்டியை எங்க கேட்டுப் பக்கம் திருப்பிக் கொண்டாந்தா என்னவாம்?” என்று அதட்டலாகக் கேட்டார்.

“முடியாதுங்க்கா” என்றார் அம்சவேணி. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. “உங்க கேட்டுக்கு வந்தா எல்லா வாசலுக்கும் போகோணும். எல்லாருக்கும் லேட்டாயிரும், எல்லாருக்கும் அரை நாள் போயிரும். நாளைக்கு மழை பேஞ்சா போன் பண்ணுங்க, நானே கொடை எடுத்துட்டு உங்க வீதி மொனைக்கு வாரேன்.”

அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். சரி, இனி ஒரு மாதத்துக்குப் பேச மாட்டார் என்று நினைத்தேன். வண்டி உடனே கிளம்பவில்லை, இன்னும் யாரோ வர வேண்டியிருந்தது. நான் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மாள் மடியிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பாதியாகக் கிள்ளினார். எழுந்து நின்று, முன்னால் நின்றுகொண்டிருந்த அம்சவேணியின் தலையைப் பிடித்துத் திருப்பி, பூவைச் சொருகிவிட்டு மறுபடியும் அதே சிடுசிடுப்போடு உட்கார்ந்துகொண்டார்.

தோட்டத்து வீட்டுப் பெண், காலனிப் பெண்ணின் தலையில் பூ வைக்கிறார். அதுவும் தான் கேட்டது கிடைக்காத பிறகு. அந்தப் பக்கத்து டீக்கடைகளில் காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். என் பஸ் வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பதவியில் உட்கார்கிறவர் பாதி நேரம் என்ன செய்கிறார்? இல்லை என்றுதான் சொல்கிறார். இருக்கிறது ஒரு தொட்டித் தண்ணீர், கேட்கிறவர்கள் எட்டு வீதி. கொடுப்பதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இல்லையென்று சொல்லியும் கேட்டவருக்குக் குறை தோன்றாத ஆள் எங்கே கிடைப்பார்? நான் எத்தனையோ வருஷம் ஊர் ஊராக அலைந்து தேடியது இந்த ஆளைத்தான், ஆனால் தேடுவது இதைத்தான் என்று அன்றைக்கு வரை எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன். அம்சவேணியின் கணவர் டெம்போ ஓட்டுகிறவர், லோடுக்குப் போயிருந்தார். மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் கல்யாணமான நாளிலிருந்து நாச்சிமுத்துவின் தோட்டத்தில் வேலை செய்கிறவர். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது. அம்சவேணி மட்டும் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“தோத்துட்டா நீங்க போத்தனூருக்கு பஸ் ஏறிருவீங்க. நான் இதே ஊர்லதானுங்ணா இருக்கோணும்” என்றார். “எங்கத்தைக்கு வேலை அவுங்க தோட்டத்துல. நாங்க ரோட்டுக்கு வார வழி அவுங்க வரப்பு. என்ற பையன் படிக்கற ஸ்கூல்ல அவுங்க சொந்தக்காரரு வாத்தியாரு. இதெல்லாம் நெனச்சுப் பாத்துத்தான் வந்தீங்களா?”

நினைத்துப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் பூ வைத்ததுதான் என் கண்ணில் நின்றது. ஜெயிப்பாரா என்று மட்டுமே பார்த்துப் பழகிய புத்தி, தோற்றால் என்ன ஆகும் என்ற பக்கம் போகவே இல்லை. தம்பிகளே, இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பணக்காரன் தோற்றால் பணம் போகும். இந்த மாதிரி ஆட்கள் தோற்றால் இருக்கிற இடமே போகும். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அதை யோசித்துவிட்டுத் தட்டுங்கள்.

நான் எழுந்தேன். “இருங்க” என்றார். மாமியாரைப் பார்த்தார். அந்தக் கிழவி மறுபடியும் கீரையை ஆய்ந்துகொண்டே, “களை வெட்டறதுக்கு வேற தோட்டமா இல்ல?” என்று மருமகளைக் கேட்டார்.

“நிக்கறனுங்ணா” என்றார் அம்சவேணி. “ஆனா ஒண்ணு. ஜெயிக்கறது தோக்கறது என்ற தலையெழுத்து. பாதியில உட்டுப்போட்டு மட்டும் போயறக் கூடாது.”

விடமாட்டோம் என்று சொன்னேன். கட்சியின் சார்பில் வாக்குக் கொடுக்க எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று கேட்காதீர்கள். கொடுத்துவிட்டேன்.

மாவட்டத்திடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். இரண்டு பெரிய குடும்பமும் அவரைத் தினமும் போனில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு ஆள் வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. “செரிங்ணா, மனு போடச் சொல்லுங்க, பாத்துக்கலாம்” என்றார். அவர் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. இருந்தாலும் மனு தாக்கலாகிவிட்டது.

அதுவரை ஜென்மப் பகையாக இருந்த இரண்டு குடும்பமும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. இரண்டாவது வீட்டுக்காரர் தன் மருமகளை வாபஸ் வாங்க வைத்தார். நாச்சிமுத்துவின் மருமகளை ‘அன்னபோஸ்ட்’ ஆக, அதாவது போட்டியே இல்லாமல் தலைவராக்குவது என்று மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அம்சவேணியையும் வரச் சொன்னார்கள். நானும் போய் ஒரு ஓரமாக நின்றேன்.

அடிதடி நடக்கும் என்று நினைக்கிறீர்களா? ஒருத்தர் குரல்கூட உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாச்சிமுத்து துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, “அம்மணி, நீ நல்ல பொண்ணு. உன்ற மேல ஆருக்கும் ஒரு குத்தமில்ல. ஊரு ஒத்துமையா இருக்கோணும்னு எல்லாரும் நெனைக்கறோம். எதுக்குச் சண்டை சச்சரவு? நீயும் கொஞ்சம் உட்டுக் குடுத்துரு கண்ணு” என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் “ஆமாம் அம்மணி”, “உட்டுக் குடுத்துரு அம்மணி” என்று அன்பாகச் சொன்னார்கள். அவ்வளவு பேர் அவ்வளவு அன்பாகக் கேட்டால் நான் என் வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

அம்சவேணி எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“முடியாதுங்கய்யா” என்றார்.

அந்த வாசலில் அந்தச் சொல்லை அந்த வீதியிலிருந்து வந்த யாரும் சொன்னதில்லை.

“எங்க வீதி ஓட்டு மட்டும் விழுந்தா நான் தோத்துருவனுங்க. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்று தொடர்ந்தார். “தோக்கப்போறவளை எதுக்குங்கய்யா இத்தன பேரு கூடி வெலகச் சொல்றீங்க? உங்க ஊட்டு ஓட்டும் எனக்கு விழுந்துருமோன்னு உங்களுக்கே ஒரு சந்தேகம் இருக்குதாட்ட இருக்குதுங்க.”

பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அம்சவேணி கும்பிட்டுவிட்டு நடந்து போனார். எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. எத்தனையோ பெரிய தலைவர்களின் பேச்சுக்குக் கை தட்டியிருக்கிறேன். ஒருத்தர் பேச்சுக்கும் எனக்குக் கண் கலங்கியதில்லை.

மறுநாளே மாமியாருக்குத் தோட்டத்தில் வேலை நின்றது. அதுவும் மரியாதையாகத்தான். “இப்போதைக்கு வேலை இல்லீங்காத்தா, சொல்லி அனுப்பறோம்” என்றார்களாம். வரப்பு வழியில் முள் வெட்டிப் போட்டிருந்தது. யார் போட்டதென்று யாருக்கும் தெரியவில்லை.

வாபஸ் வாங்கக் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணி வரை நேரம். காலையில் மாவட்டத்திடமிருந்து போன். “அண்ணா, சோலி முத்திப்போச்சு. ஒன்றியம் ராஜினாமா பண்ணுவேங்கறாரு. அடுத்து சட்டமன்றம் வருது. தோட்டத்து ஓட்டு இல்லாம நாம என்னத்தைக் கிழிக்கறது? அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயி வாபஸ் வாங்க வெச்சுருங்க. அதுக்கு ஏதாவது நல்லது பண்ணிக்கலாம்.”

நான் திருப்பூர் கம்பெனி வாசலுக்குப் போனேன். செக்யூரிட்டி சொல்லி அனுப்ப, அம்சவேணி சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தார். தலைமுடியிலெல்லாம் பஞ்சு. நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கேட்டுக்கு மேலிருந்த போர்டைப் பார்த்துச் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு, “இது மாவட்டம் பேச்சு. உங்க பேச்சு என்னங்ணா?” என்றார்.

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். வேட்பாளர் பார்க்கிற வேலையில் எல்லாக் கேள்வியையும் நாம்தான் கேட்போம். நம்மை யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பெண் கேட்டார். கட்சி சொன்னதைச் செய்தால் எனக்கு ஒரு பழியும் வராது. கட்சிக் கட்டுப்பாட்டுப்படி நடந்தேன் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். செய்யாமல் விட்டு அவர் தோற்றால், வேலை போன கிழவியும் முள் போட்ட வரப்பும் என் தலையில்தான் விடியும். வாபஸ் வாங்கினால் மட்டும் வரப்பு திறந்துவிடுமா? கூட்டத்தில் முடியாது என்று சொன்ன பெண் மூன்றே நாளில் தலையைக் குனிந்தால், அதற்குப் பிறகு அந்த வீதியில் யார்தான் நிமிர்வார்கள்? அவர் வேண்டாமென்று தானாகச் சொன்னால் சரி, அது அவர் உரிமை. நாம் சொல்லி அவர் இறங்கக் கூடாது. யோசித்தது அவ்வளவுதான்.

“நீங்க என்னம்மா நெனைக்கறீங்க?” என்று கேட்டேன்.

“நான் அன்னிக்கே சொல்லிப்போட்டனுங்க” என்றார்.

அவர் முன்னாலேயே மாவட்டத்துக்குப் போன் போட்டேன். “முடியாதுங்க” என்றேன். என் வாயில் அந்தச் சொல் அதுவரை வந்ததே இல்லை. “என்னது?” என்றார் மாவட்டம். “முடியாதுங்க தம்பி. அந்தப் பொண்ணு இறங்காது. நானும் இறங்கச் சொல்ல மாட்டேன். கூட்டிட்டு வந்து நிறுத்துனது நாமதான்” என்றேன். “அப்ப எல்லாம் உங்க பொறுப்பு” என்று வைத்துவிட்டார். அம்சவேணி, “பெல் அடிச்சுருச்சுங்ணா, வாரேன்” என்று உள்ளே போனார். நான் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து மூன்று மணி ஆகும் வரை எழுந்திருக்கவில்லை.

கட்சியிலிருந்து ஒரு ஆள், ஒரு கொடி வரவில்லை. அம்சவேணியும் கணவரும் சாயங்காலமானால் வீடு வீடாகப் போனார்கள். தோட்டத்து வீதியில் ஆண்கள் வாசலில் நின்று, “போட்றலாம் போ” என்றார்கள். பெண்கள் உள்ளே நின்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனம்தான் பிடித்திருந்தது. ‘போட்றலாம்’ என்று யாராவது உள்ளேயிருந்து சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன்.

சீட்டுகளை எண்ணிய அன்று அம்சவேணி ஜெயித்தார். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காலனி ஓட்டு மொத்தத்தையும் கூட்டினாலும் அவர் வாங்கியதில் பாதிகூட வராது. மீதி எங்கிருந்து வந்தது? எண்ணும் இடத்தில் தோட்டத்துக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ‘உன் வீட்டிலிருந்தா?’ என்று கேட்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. கேட்டால் அவர் திரும்பி, ‘உன் வீட்டிலிருந்தா?’ என்று கேட்டுவிடுவாரே. நான் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வண்டியில் தினமும் ஒன்றாகப் போய் வருகிற பெண்கள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், தங்கள் ஊரையே தூக்கி வேறு பக்கம் வைத்திருந்தார்கள். மாவட்டம் போன் செய்து, “நான்தான் சொன்னேனுல்லங்ணா” என்றார். ஆமாங்க என்றேன்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். ஒன்றியம் அம்சவேணியோடு பேசுவதில்லை. மாமியாருக்குச் சொல்லி அனுப்பவே இல்லை, அவர் வேறு தோட்டத்துக்குக் களை வெட்டப் போகிறார். வரப்பில் முள் அப்படியே கிடந்தது. ஊராட்சிச் செலவில் காலனிக்குத் தனிப் பாதை போட்ட பிறகுதான் ரோட்டுக்கு வர ஊரைச் சுற்றி நடப்பது தீர்ந்தது.

கோடையில் ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அம்சவேணியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காலனிக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மாமியார் டீ போட உள்ளே போனார். அப்போது வீதி முனையில் வெள்ளை வேட்டி தெரிந்தது. நாச்சிமுத்து, தனியாக, நடந்து வந்துகொண்டிருந்தார். வீதியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவருடைய ஆயுசில் அந்த வீதிக்குள் அவர் வந்ததில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமானால் முனையில் நின்று குரல் கொடுப்பார், அவ்வளவுதான்.

அம்சவேணி எழுந்து, “வாங்கய்யா, உக்காருங்க” என்றார். அவர் உட்காரவா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

தோட்டத்தில் மகனுக்குப் புது வீடு கட்டியிருக்கிறார். கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து அங்கே வரைக்கும் ஒரு லைன் இழுத்துத் தர வேண்டும். அதுதான் விஷயம். சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். அதற்குள் மாமியார் டீயோடு வந்துவிட்டார். அந்தத் தோட்டத்தில் இத்தனை வருஷம் உழைத்து, அங்கே கை ஏந்தித் தண்ணீர் வாங்கிக் குடித்த அதே கிழவி. எவர்சில்வர் டம்ளரை அவர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“இந்த வருசம் முடியாதுங்கய்யா” என்றார் அம்சவேணி. “கடைசி வீதிக்கே இன்னும் தண்ணி ஏறல. அதுக்கு ஏறுன பொறவு மொதல் லைன் உங்குளுது. நானே வந்து நின்னு போட்டுத் தாரேன்.”

நாச்சிமுத்து ஸ்டூலைப் பார்த்தார். டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வீதியில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கேட்டது கிடைக்கவில்லை, இனி அங்கே அவருக்கு என்ன வேலை?

கையை நீட்டி டம்ளரை எடுத்தார். ஊதிக்கூடக் குடிக்கவில்லை, அவசரமாக ஒரு வாய், பிறகு நிதானமாக மீதி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை ஸ்டூலில் வைத்தார்.

“சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போச்சு அம்மணி” என்றார்.

“அடுத்த வாட்டி கொறச்சுப் போடச் சொல்றனுங்க” என்றார் அம்சவேணி.